தேர்த்துகளின் பகுதியெண்: கீழ்வாய்ச் சிற்றிலக்க வாய்பாட்டின் வகுபடு தன்மையும் முத்துக்கரைக் கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணித மரபின் கீழ்வாய்ச் சிற்றிலக்க வாய்பாடு முந்திரியில் தொடங்கித் தேர்த்துகளில் முடிகிறது. ஒன்றைத் தேர்த்துகளாகப் பகுத்தால் கிடைக்கும் எண் 2323824530227200000000. இருபத்திரண்டு இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைத் தமிழர் அறிந்திருந்த நுண்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இக்கட்டுரை அவ்வெண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, அதன் சிறப்பு நுண்மையைவிட வகுபடு தன்மையிலேயே அமைந்துள்ளது என நிறுவுகிறது. தூத்துக்குடிக் கரையின் முத்துக் கணக்கில் எழுந்த பகுத்தல் தேவைகள் இதற்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகின்றன. வாய்பாட்டுப் படிகளில் நேரும் பிழைகளைக் கண்டறியக் காரணிப் பகுப்பு உதவும் முறையும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கீழ்வாயிலக்கம், முந்திரி, இம்மி, தேர்த்துகள், பகாக் காரணி, முத்து மதிப்பீடு, பாடத் திறனாய்வு.

1. முன்னுரை

தமிழ்க் கணித மரபு முழு எண்களை மேல்வாயிலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் வழங்கியது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, ஒருமா, காணி, அரைக்காணி, முந்திரி எனக் கீழ்வாயிலக்கம் இறங்கி 1/320 இல் நிற்கும். அதற்கும் கீழ்ப்பட்டவை சிற்றிலக்கம் எனப்பட்டன. ‘இம்மியளவும்’ என்னும் தொடரில் இச்சிற்றிலக்கப் பெயர் ஒன்று இன்றும் பேச்சில் வாழ்கிறது.

கணக்கதிகாரம் முதலிய கணித நூல்களின் மரபில் வழங்கும் இவ்வாய்பாடு அண்மைக்காலத்தில் பொதுவெளியில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பண்டைத் தமிழர் அணுவினும் சிறியதை அளந்தனர் என்பதற்கு அதன் இறுதி அலகு சான்றாகக் காட்டப்படுகிறது. ஒரு கழஞ்சை ஏறத்தாழ 5.3 கிராம் எனக் கொண்டால், ஒரு கழஞ்சுப் பொன்னின் ஒரு தேர்த்துகள் ஏழு பொன்னணுக்களின் எடையை ஒட்டி அமையும். இந்த ஒப்பீடு வியப்பைத் தரலாம். ஆயினும் அளவை வரலாற்றுக்கு அது சான்றாகாது. அத்தகைய எடையை எந்தத் தராசும் நிறுத்திராது. அளக்கப் பயன்படாத அலகுகளைக் கணக்கர் மரபு பெயரிட்டு மனப்பாடமாகப் போற்றியது ஏன் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அதற்கான விடையின் ஒரு பகுதியை அவ்வெண்ணின் காரணிகளிலேயே காணலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. வாய்பாட்டின் அமைப்பு

வாய்பாடு தருவன விகிதங்கள். ஒவ்வோர் அலகும் தனக்கு மேலுள்ள அலகின் இத்தனையில் ஒரு பங்கு என்பதே அதன் கூற்று. அவ்விகிதங்களும், அவற்றைத் தொடர்ந்து பெருக்குவதால் வரும் பகுதியெண்களும் பின்வருமாறு.

முந்திரி (ஒன்றில் 320): 320
கீழ்முந்திரி (முந்திரியில் 320): 102400
இம்மி (கீழ்முந்திரியில் 21): 2150400
மும்மி (இம்மியில் 11): 23654400
அணு (மும்மியில் 7): 165580800
குணம் (அணுவில் 9): 1490227200
பந்தம் (குணத்தில் 5): 7451136000
பாகம் (பந்தத்தில் 6): 44706816000
விந்தம் (பாகத்தில் 7): 312947712000
நாகவிந்தம் (விந்தத்தில் 17): 5320111104000
சிந்தை (நாகவிந்தத்தில் 14): 74481555456000
கதிர்முனை (சிந்தையில் 20): 1489631109120000
குரல்வளைப்படி (கதிர்முனையில் 40): 59585244364800000
வெள்ளம் (குரல்வளைப்படியில் 60): 3575114661888000000
நுண்மணல் (வெள்ளத்தில் 100): 357511466188800000000
தேர்த்துகள் (நுண்மணலில் 6½): 2323824530227200000000

இப்பட்டியலில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இருபத்திரண்டு இலக்க எண் விகிதங்களின் பெருக்கத்தால் வருவது. மனப்பாடத்தில் நின்றவை விகிதங்களே. இரண்டாவது, விகிதங்கள் ஒரே சீராக இல்லை. 320, 20, 40, 60, 100 போன்ற வழக்கமான எண்களோடு 21, 11, 17 ஆகியனவும், யாவற்றினும் புதிராக 6½ உம் கலந்துள்ளன. இந்த ஒழுங்கின்மையைப் படியெடுத்தோரின் பிழை என்றோ கற்பனை என்றோ ஒதுக்கிவிடலாகாது. அதன் பயன் காரணிப் பகுப்பில் வெளிப்படுகிறது.

3. காரணிப் பகுப்பு

மேற்கண்ட பதினாறு விகிதங்களையும் பகாக் காரணிகளாகப் பிரித்துத் தொகுத்தால் தேர்த்துகளின் பகுதியெண் பின்வரும் வடிவம் பெறுகிறது:

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

இவ்வடிவிலிருந்து சில பண்புகள் பெறப்படுகின்றன.

அ) 17 வரையுள்ள ஏழு பகா எண்களும் இதில் இடம்பெற்றுள்ளன; 17க்கு மேற்பட்ட பகா எண் ஒன்றும் இல்லை.

ஆ) 5இன் அடுக்கு 8 ஆகவும் 2இன் அடுக்கு அதனினும் மிகுந்தும் இருப்பதால் எண்ணின் இறுதியில் சரியாக எட்டுச் சுழியங்கள் வருகின்றன.

இ) அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் (23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2) வகுத்திகளின் எண்ணிக்கை 49680 எனக் கிடைக்கிறது.

ஈ) 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். முதன்முதலாக மீதி தரும் எண் 19.

இவற்றுள் இறுதிப் பண்பே கணக்கருக்குரியது. ஒரு பொருளைப் பதினெட்டுப் பேர் வரை எத்தனை பேருக்குச் சமமாகப் பகுத்தாலும் ஒவ்வொருவர் பங்கும் தேர்த்துகளின் முழு எண்ணிக்கையாக முடியும் என்பது அதன் பொருள்.

இப்பண்பு ஒரே படியில் வந்துவிடவில்லை. முந்திரியின் 320 என்பது 2⁶ × 5. அதில் 3 இல்லை. எனவே மூவர்க்குரிய சமபங்கை முந்திரியால் முடிக்க இயலாது. கீழ்முந்திரி அதே எண்ணின் வர்க்கம் ஆதலின் அதிலும் இக்குறை நீடிக்கிறது. இம்மியின் 21 மூன்றையும் ஏழையும் ஒருசேரக் கொணர்கிறது. அதனால் 1 முதல் 8 வரையுள்ள பங்குகள் முடிகின்றன. மும்மி 11ஐச் சேர்க்கிறது. குணத்தின் 9 மூன்றின் அடுக்கை உயர்த்துவதால் 1 முதல் 12 வரை தடையின்றி வகுபடுகிறது. நாகவிந்தத்தில் 17 வந்து சேர்கிறது. அந்நிலையில் பதினெட்டு வரையுள்ள எண்களுள் 13 ஒன்றே எஞ்சி நிற்கிறது. சிந்தை முதல் நுண்மணல் வரையுள்ள ஐந்து படிகளிலும் அக்குறை நீங்கவில்லை. இறுதிப் படியான 6½ என்பது 13/2. விடுபட்டிருந்த பதின்மூன்று அங்கே, அரைப் பின்னத்தின் உருவில், உள்ளே வருகிறது. பதின்மூன்றில் ஒரு பங்கு 178755733094400000000 தேர்த்துகள் எனத் துல்லியமாக முடிகிறது. வாய்பாட்டின் மிக ஒழுங்கற்ற விகிதமாகத் தோன்றுவதே அதன் வகுபடு தன்மையை நிறைவு செய்கிறது.

இதனால் வாய்பாட்டின் படிகளை இரு வகைப்படுத்தலாம். 320, 21, 11, 9, 17, 6½ ஆகியன புதிய வகுத்திகளைத் தருவன. 20, 40, 60, 100 போன்றவை அளவைச் சிறிதாக்குவன. முதல் வகையை மட்டும் பெருக்கினால் 73513440 கிடைக்கிறது. 1 முதல் 18 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 12252240. முன்னது பின்னதன் சரியாக ஆறு மடங்கு.

4. அளத்தலின் எண்களும் பகுத்தலின் எண்களும்

மூன்றும் ஏழும் பதினொன்றும் கணக்கில் எங்கே தேவைப்பட்டன என்பது அடுத்து எழும் வினா. நிலம், நெல், பொன் ஆகிய எல்லாவற்றிலும் பங்கீடு உண்டு. எனினும் இத்தேவை தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று மன்னார் வளைகுடாவின் முத்துக்கரை. கொற்கை முதல் தூத்துக்குடி வரை நீண்ட இக்கரையின் வாணிகத்தில் பொருளின் நிறை, எண்ணிக்கை, பங்கு ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் சந்தித்தன.

நிறையை முதலில் நோக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு என முத்துகளை வகைப்படுத்தி, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி ஆகிய நிறைகளால் குறிக்கின்றன. கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி 20. மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி 2. இவ்விகிதங்களில் 2, 5 ஆகிய இரு பகா எண்களே உள்ளன. முத்துகளைப் பருமன் வாரியாகப் பிரிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயன்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளின் துளை எண்ணிக்கையும் இங்கு நோக்கத்தக்கது. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் அவ்வெண்களில் 2, 3, 5 தவிர வேறு பகா எண் இல்லை. அளவைக் கருவியைச் செய்வோர் தமக்கு எளிய எண்ணைத் தேர்ந்துகொள்ள முடியும். எனவே அளத்தலின் எண்கள் சிறு பகா எண்களுக்குள் அடங்குகின்றன.

பகுத்தலின் எண்களுக்கு அத்தகைய உரிமை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்புகளில், கரை சேர்ந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பகுக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று குளிப்போர்க்கும் உரியனவாயின. இக்கரையின் அடிப்படைப் பங்கே மூன்றிலொன்று. ஆனால் பெயரும் குறியும் பெற்ற கீழ்வாயிலக்கப் பின்னங்களுள் மூன்றிலொன்று இல்லை. குவியலைக் கண்ணால் மூன்றாக்கலாம். அதன் விலையை ஏட்டில் மூன்றாக்கச் சிற்றிலக்கத்துள் இறங்க வேண்டும். 1/3 என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி என மீதியின்றி முடிகிறது. இம்மியின் விகிதம் 21 ஆக இருப்பதாலேயே இது இயல்கிறது.

முத்தின் மதிப்பீட்டில் இத்தேவை மேலும் விரிகிறது. பெரிய முத்தின் விலை அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதன்று. நிறை இருமடங்கானால் விலை அதனினும் பன்மடங்கு உயரும். இதனைக் கணக்கில் கொண்டுவர, ஒரு தொகுதி முத்தின் மொத்த நிறையை மஞ்சாடியில் கண்டு, அதை வர்க்கித்து, முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை சென்னைப் பகுதியில் வழங்கியது. இவ்வாறு பெறும் மதிப்பலகை ஐரோப்பியர் எழுதிய வணிகக் குறிப்புகள் ‘சவ்’ எனக் குறிக்கும்.

எடுத்துக்காட்டாக, 6 முத்துகள் 7 மஞ்சாடி நிற்பின், 7இன் வர்க்கம் 49. அதில் முக்கால் 36¾. ஆறால் வகுக்க ஆறே அரைக்கால். இது கீழ்வாயிலக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. 7 முத்துகள் 8 மஞ்சாடி நிற்பின், 64இல் முக்கால் 48. ஏழால் வகுக்க 6உம் ஏழில் ஆறு பங்கும். இப்பின்னம் முந்திரியில் முடிவதில்லை. 274 முந்திரி, 91 கீழ்முந்திரி, 9 இம்மி என இறங்கினால்தான் மீதி அறும்.

இங்கு வகுக்கும் எண் முத்துகளின் எண்ணிக்கை. அது ஆறாகவும் இருக்கலாம். ஏழாகவும் பதினொன்றாகவும் பதின்மூன்றாகவும் இருக்கலாம். சிப்பிக்குள் விளைந்தது எத்தனையோ அத்தனையால் வகுத்தாக வேண்டும். வணிகர் நடைமுறையில் இம்மி வரை விலை பேசினர் என்பது இதன் கருத்தன்று. கைமாறிய காசு எப்போதும் முழுமைப்படுத்தப்பட்டதே. கணக்கைச் சரிபார்க்கையில், பங்குகளைக் கூட்டினால் முதல் மீண்டும் வர வேண்டும் என்னும் நெறிக்கே மீதியற்ற பின்னம் தேவைப்படும். தசமப் புள்ளி இல்லாத ஒரு முறையில் அந்நெறியைக் காக்க வல்ல அமைப்பு சிற்றிலக்க வாய்பாட்டில் உள்ளது.

5. பாடத் திறனாய்வில் காரணிப் பகுப்பின் பயன்

வாய்பாடு இன்று பெரும்பாலும் இலக்கங்களாலான பட்டியலாக அச்சிடப்படுகிறது. நீண்ட எண்களைப் படியெடுக்கையில் இலக்கம் விடுபடுவதும் இடம் மாறுவதும் இயல்பு. சொற்பிழையைப் பொருளாலும் யாப்பாலும் கண்டறியலாம். எண்பிழைக்கு அத்துணை இல்லை. அவ்விடத்தைக் காரணிகள் நிரப்புகின்றன.

குணம் முதல் தேர்த்துகள் வரையுள்ள எல்லாப் பகுதியெண்களும் 9ஆலும் 11ஆலும் வகுபட வேண்டும். கதிர்முனையின் 1489631109120000 என்னும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது. அது ஒன்பதின் மடங்கு. முதல் இலக்கம் விடுபட்டு 489631109120000 என எழுதப்பட்டால் கூட்டுத்தொகை 44 ஆகிப் பிழை வெளிப்படும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறி 1486931109120000 என எழுதப்பட்டால் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பதின் சோதனை இப்பிழையைக் காட்டாது. அப்போது பதினொன்றின் சோதனை உதவும். வலமிருந்து ஒற்றைப்பட இடங்களின் இலக்கங்களையும் இரட்டைப்பட இடங்களின் இலக்கங்களையும் தனித்தனியே கூட்டினால், சரியான எண்ணில் 28, 17 எனக் கிடைத்து வேறுபாடு 11 ஆகிறது. பிழையான எண்ணில் 25, 20 எனக் கிடைத்து வேறுபாடு 5 ஆகிறது. அடுத்துள்ள வெவ்வேறு இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் இச்சோதனை தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இறுதிச் சுழியம் ஒன்று விடுபட்டால் இவ்விரு சோதனைகளும் அதனைக் காட்டா. அங்குச் சுழியங்களின் எண்ணிக்கையை 5இன் அடுக்கோடு ஒப்பிட வேண்டும். விகிதமே தவறாகப் பாடம் செய்யப்பட்டு, அதிலிருந்து எண் கணக்கிடப்பட்டிருந்தால், அகச்சான்று மட்டும் போதாது. வேறு படிகளோடு ஒப்பிடுவது இன்றியமையாதது.

இம்மியின் மதிப்பு இதற்கு எடுத்துக்காட்டாகும். 1/2150400 என்பதோடு 1/1075200 என்னும் மதிப்பும் அச்சுப் பட்டியல்களில் காணப்படுகிறது. பின்னதன்படி கீழ்முந்திரிக்கு இம்மி 10½. இம்மிக்கு மும்மி 22. இரு வழியிலும் பெருக்கற்பலன் 231 ஆதலின் மும்மியும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் மாறுவதில்லை. வகுபடு சோதனையால் இவ்விரண்டுள் ஒன்றைத் தள்ள இயலாது. ஆயின் 21 எனக் கொண்டால் மூன்றிலொன்று 7 இம்மியில் முழுமையாக முடிகிறது. 10½ எனக் கொண்டால் 3½ இம்மி என அரை எஞ்சுகிறது. பயன் நோக்கில் 21 என்னும் பாடம் பொருத்தமுடையது எனலாம். எனினும் தேர்த்துகளில் 6½ என்னும் அரை இடம்பெற்றிருத்தலால், அரை வருவது ஒன்றையே காரணமாகக் காட்டி மற்றொரு பாடத்தைப் பிழையெனத் தள்ளுதல் முறையாகாது.

6. மதிப்பீடு

வாய்பாட்டை அமைத்தோர் 1 முதல் 18 வரை வகுபட வேண்டும் என்று திட்டமிட்டே விகிதங்களைத் தேர்ந்தனர் எனக் கூறிவிடலாமா என்னும் வினா எழும். அதற்கு எதிரான சான்றும் எண்ணிலேயே உள்ளது. அந்நோக்கம் மட்டும் இருந்திருப்பின் எட்டு இலக்கமுடைய 12252240 போதும். 7இன் நான்காம் அடுக்கும் 5இன் எட்டாம் அடுக்கும் வேண்டியதில்லை. தேர்த்துகளின் பகுதியெண் அச்சிறும எண்ணின் 2¹⁸ × 3³ × 5⁷ × 7³ மடங்கு. இம்மிகை, வாய்பாடு ஒரே காலத்தில் ஒரே நோக்கில் உருவானது என்னும் முடிவைத் தடுக்கிறது. பகுத்தலின் தேவையும் எண்ணை நுணுக்கிச் செல்லும் ஆர்வமும் அதில் கலந்துள்ளன எனக் கொள்வதே பொருந்தும்.

ஆயினும் நோக்கம் எதுவாயினும் பண்பு மாறுவதில்லை. முந்திரி வரையுள்ள கீழ்வாயிலக்கம் 2, 5 என்னும் இரு காரணிகளால் ஆனது. சிற்றிலக்கம் எஞ்சிய பகா எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. இவ்வாறு கொண்டால் சிற்றிலக்கத்தைக் கீழ்வாயிலக்கத்தின் வெறும் நீட்சியாகக் கருத இயலாது. அதனால் முடியாத பங்குகளை முடிக்கும் நிறைவாக அது அமைகிறது.

7. முடிவுரை

தேர்த்துகளின் பகுதியெண் 2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17 என அமைந்து, 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடுகிறது. 21, 11, 9, 17, 6½ ஆகிய ஒழுங்கற்ற விகிதங்களே இப்பண்புக்குக் காரணம். முத்துக்கரையின் மூன்றிலொரு பங்கும், முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கும் மதிப்பீட்டு முறையும், இத்தகைய வகுபடு தன்மை கணக்கருக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதை விளக்குகின்றன. மேலும், இக்காரணிகள் வாய்பாட்டுப் படிகளின் எண்பிழைகளைக் கண்டறியும் கருவியாகவும் பயன்படுகின்றன.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதியான முத்துக்குளிப்பு. முத்துக் கணக்கர் தொழிலும் அதனோடு மறைந்தது. எஞ்சியிருப்பவை வாய்பாடுகளும் அவற்றின் படிகளும். அவற்றை அணு அறிவியலுக்கு முன்னோடியெனப் போற்றுவதால் அவற்றின் எண்கள் பிழையின்றிக் காக்கப்பட்டுவிடா. ஒவ்வோர் எண்ணையும் பெருக்கியும் வகுத்தும் சரிபார்த்துப் பதிப்பிப்பதே அக்கணக்கரின் நெறியைப் பின்பற்றுவதாகும். கணித ஏடுகளின் பதிப்புகளில் பாடவேறுபாட்டுக் குறிப்புகளோடு விகிதச் சரிபார்ப்பும் இடம்பெறுதல் வேண்டும்.